தண்ணீருக்கு இந்தப் பக்கம்

இருநூற்றுப் பத்து. யாரும் அளக்க வேண்டாம், யாரும் சொல்லவும் வேண்டாம். புல்லில் புதைந்து கிடக்கிற இந்தத் தண்ணீர்க் குழாய் மூடியிலிருந்து, அதோ கொடி நிற்கிற, புல்லை ஒட்ட வெட்டிய கிரீனின் முன்விளிம்புக்கு இருநூற்றுப் பத்து யார்டு. நூற்று நாற்பத்தைந்தில் தண்ணீர் ஆரம்பிக்கிறது, நூற்றுத் தொண்ணூற்றைந்தில் முடிகிறது. நடுவே ஐம்பது யார்டு ஏரி. ஏரியில் இந்தக் கோல்ஃப் கிளப்காரர்கள் மிச்சம் வைத்த ஏரி. மீதியையெல்லாம் மண் கொட்டி மூடி, மேலே புல் நட்டு, அந்தப் புல்லுக்கு இதே தண்ணீரை இறைத்து ஊற்றி வளர்த்திருக்கிறார்கள். அந்தப் புல்லின் மேல்தான் என் பந்து உட்கார்ந்திருக்கிறது. நல்ல இடம். குழியில்லை, சரிவில்லை, யாரோ கையால் எடுத்து வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பதினெட்டாவது குழி, கடைசிக் குழி, என் முதல் அடி முடிந்துவிட்டது, இது இரண்டாவது. பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் சிரிக்க வேண்டும், பதினோரு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்தால் வாய் தானாகச் சிரித்துவிடுகிறது, எனக்கே என் வாய்மேல் எரிச்சல். "என்னப்பா கன்னியப்பா, பை இவ்ளோ கனம் கனக்குது, உள்ள கல்லு கில்லு வச்சிருக்கியா?" தயானந்தன் சார். என் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். என் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறார், பை தூக்குகிறவர்கள் போடுகிற கையில்லாத நீலச் சட்டை, முதுகில் முப்பத்துநாலு என்று வெள்ளை எழுத்து. அது என் நம்பர். "நீங்க குடுத்த ஸ்டிக்குதான் சார் உள்ள இருக்கு," என்றேன். நான் எது சொன்னாலும் மெதுவாகத்தான் வரும். என் குரலே அப்படி, பக்கத்தில் தூங்குகிற குழந்தை இருப்பதுபோல. அதனால் நான் சொல்வது எதுவும் கோபமாக யார் காதிலும் விழுவதில்லை. அவர் சிரித்தார். என் பையில் ஒன்பது ஸ்டிக், அவ்வளவுதான். அவர் பையில் பதினாலு ஸ்டிக், ஒரு குடை, மழைக்கோட்டு, இரண்டு தண்ணீர் பாட்டில், கிழிந்த பந்துகள் ஒரு டஜன், ஒரு வாழைப்பழம். அந்த வாழைப்பழத்தையும் பதினோரு வருஷம் நான்தான் சுமந்தேன்.

வருஷத்தில் ஒரு நாள் இப்படி. கேடிகள் தினம் என்று பேர். பை தூக்குகிற எங்களுக்கு இங்கே கேடி என்று பேர். போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கிற கேடிக்கும் எங்களுக்கும் வித்தியாசம், அவன் படத்துக்குக் கீழே அவன் முழுப் பேரும் இருக்கும், எங்களுக்கு நம்பர் மட்டும்தான் என்று என்னோடு பை தூக்குகிற ரிச்சர்டு சொல்லுவான். இந்த ஒரு நாள் நாங்கள் ஆடுவோம், மெம்பர்கள் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் பையைத் தூக்குவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், பிரியாணி உண்டு. மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் நாங்கள் இந்தப் புல்லில் ஒரு பந்தை அடிக்கக் கூடாது. கேடிகள் காத்திருக்கிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழைய மீன் வலையைக் கட்டி வைத்திருக்கிறோம், அதில்தான் எங்கள் ஆட்டம். அடித்தால் ஆறடியில் வலையில் பட்டு பொத்தென்று விழும். காலையில் மெம்பர்கள் வருவதற்கு முன்னால் நூறு, மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போனபிறகு நூறு. பொத். பொத். பொத். வருஷா வருஷம் கேடிகள் தினம் ஒன்பது குழியோடு முடிந்துவிடும், பாதிப் பேர் சிரிப்புக்கு ஆடுவார்கள். இந்த வருஷம்தான் பதினெட்டும். ஏனென்றால் பயிற்சித் திடலில் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டருக்கு வயசாகிவிட்டது, துணைக்கு ஓர் ஆள் வேண்டுமாம், ஜெயிக்கிற கேடிக்கு அந்த வேலை என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். பை தூக்க வேண்டாம். நம்பர் கிடையாது, சட்டையில் பேர் தைத்துக் கொடுப்பார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வலை இல்லாமல் பந்து அடிக்கலாம். அந்த நோட்டீஸைப் படித்த அன்றைக்கு இரண்டு தரம் கொட்டகைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து படித்தேன், மாறியிருக்கிறதா என்று.

"லே அப் பண்ணிடு," என்றார் தயானந்தன் சார். பையைத் தொப்பென்று போட்டார். அப்படிப் போடக் கூடாது, ஸ்டிக்கின் தலைகள் ஒன்றோடொன்று மோதும். ஒரு தரம் நான் அப்படிப் போட்டபோது இவர் என்ன சொன்னார் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, இவருக்கு இருக்காது. "உன் நல்லதுக்குச் சொல்றேன். ரிஸ்க் எடுக்காத. முன்னாடி போட்டு, அப்புறம் தாண்டு." லே அப் என்றால் அதுதான். தண்ணீரைத் தாண்டப் பார்க்காமல் தண்ணீருக்கு இந்தப் பக்கமே பந்தைப் போட்டு வைத்துக்கொண்டு, அடுத்த அடியில் தாண்டுவது. எனக்குச் சொல்கிறார். யாருக்கு யார் சொல்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே இடம், இந்தக் குழாய் மூடிக்கு நாலடி இடப்பக்கம், கிளப் சாம்பியன்ஷிப் ஃபைனல். அன்றைக்கு இவர் ஆடினார், நான் பை. "என்ன கன்னியப்பா, போலாமா?" என்றார். "வேணாம் சார், முன்னாடி போட்டுக்கலாம்," என்றேன். அதுதான் சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் சரி. ஏழாம் நம்பர் ஸ்டிக் எடுத்துக் கொடுத்தேன், நூற்று முப்பது போனது, அழகாக உட்கார்ந்தது. மூன்றாவது அடியில் தலையைத் தூக்கிவிட்டார். அடிக்கிறபோதே பந்து எங்கே போகிறது என்று பார்க்கிற ஆசை. பந்தின் உச்சந்தலையில் பட்டது, வாத்து மாதிரி ஓடிப் போய்த் தண்ணீரில் விழுந்தது. தோற்றார். தோற்றுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி என்ன சொன்னார்? "கேடி பயந்தாங்கொள்ளி. அவன் பயம் எனக்கும் தொத்திக்கிச்சு." அந்த வாரமே என்னை மூன்று மாசம் நிறுத்தி வைத்தார்கள். மூன்று மாசம் தண்ணீர் கேன் தூக்கினேன், மாடி மாடியாக. அதற்கு அடுத்த வருஷம் இதே இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல தூரத்துக்கு அடிக்கிற பெரிய தலைக் கட்டையை எடுத்துத் தண்ணீரைத் தாண்ட அடித்தார். தாண்டவில்லை. அந்தப் பக்கத்துக் கரையோரம் ஒரு கருங்கல் இருக்கிறது, அதில் டங்கென்று பட்டு எகிறிப் போய்க் கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. கல்லை நான் பார்த்தேன். கல்லுக்குத் தெரியும். மூன்றாவது ஆள் யாருக்கும் தெரியாது. "இருநூத்திப் பத்து, அப்படியே பறந்துச்சுய்யா, இவன் வேணாம் வேணாம்னான்." இன்றைக்கு வரைக்கும் எத்தனை மேஜையில் அந்தப் பந்து பறந்துகொண்டே இருக்கிறது. அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? "நல்ல ஷாட் சார்." பந்து மேலே இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், கீழே விழுந்த பிறகு சொன்னால் மரியாதை இல்லை. அதற்கப்புறம் எனக்குப் பேர் பிரேக்கு. கொட்டகையில் கன்னியப்பன் என்றால் யார் என்று கேட்பார்கள்.

அதோ கூப்பிடுகிறான். தண்ணீருக்கு அந்தப் பக்கம், கிரீனுக்குப் பின்னால் ரிச்சர்டு நிற்கிறான், கையில் பிரியாணித் தட்டு, அவன் முடித்துவிட்டான், எழுபத்தேழு. "டேய் பிரேக்கு! கால எட்றா பிரேக்குலேர்ந்து!" எல்லோரும் சிரிக்கிறார்கள். தண்ணீர்மேல் சிரிப்பு வழுக்கிக்கொண்டு வருகிறது. அவன் என் சிநேகிதன், அவன் தோற்றால் எனக்கு வருத்தம், நான் தோற்றால் அவனுக்கு வருத்தம், ஆனால் அந்த வேலை இரண்டு பேருக்கும் வேண்டும், அதனால் சத்தமாகச் சிரிக்கிறான். எனக்குப் பதினேழு குழிக்கு எழுபத்திரண்டு. இதை நாலு அடியில் முடித்தால் எழுபத்தாறு, வேலை எனக்கு. அஞ்சு என்றால் இரண்டு பேரும் சமம், இன்னொரு குழி ஆட வேண்டும். ஆறு என்றால் அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொள்வான். கணக்கு அவ்வளவுதான். இங்கிருந்து தண்ணீரைத் தாண்டிக் கிரீனில் போட்டுவிட்டால் அங்கே இரண்டு அடி மிச்சம், இரண்டு அடியில் யார் வேண்டுமானாலும் உருட்டிவிடுவார்கள், நாலு. தண்ணீரில் விழுந்தால் ஒரு அடி தண்டம், ஆறு. முன்னாடி போட்டுக்கொண்டால் மூன்றாவது அடி கொடிக்கிட்டே போக வேண்டும், நாலாவது உள்ளே விழ வேண்டும், விழாவிட்டால் அஞ்சு. கூட ஆடிய இரண்டு பேரும் தண்ணீரில் போட்டு ஓய்ந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். பதினோரு வருஷத்தில் இத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை. பந்தைப் பார்ப்பார்கள், அடிக்கிறவரைப் பார்ப்பார்கள். பக்கத்தில் ஒரு நீலச் சட்டை இருக்கும்.

அடிக்கலாம். ஏன் அடிக்கக் கூடாது. அடி. கட்டையை எடு, பையிலேயே நீளமான பெரிய தலைக் கட்டை, எடுத்து ஓங்கி ஒரே போடு. அந்த ஆள் பார்க்கட்டும். கல் இல்லாமல் எப்படித் தாண்டுகிறது என்று பார்க்கட்டும். ஆனால் தாண்டினால் என்ன சொல்வார்? "நான்தான் பை தூக்கினேன், என் கட்டைதான் அது" என்பார். அது அவர் கட்டைதான், தலையில் ஒரு கீறல் விழுந்ததும் எனக்குக் கொடுத்தது. கொடுத்ததை நாலு பேர் எதிரில் கொடுத்தார். தாண்டாவிட்டால்? "நான் லே அப்புன்னு சொன்னேன், கேக்கல" என்பார். முன்னாடி போட்டு ஜெயித்தால்? "நான் சொன்னேன், கேட்டான்" என்பார். முன்னாடி போட்டுத் தோற்றால், பிரேக்கு. நாலு பக்கமும் அவர் கதைதான். நான் எப்படி அடித்தாலும் அது அவர் சொல்லப்போகிற கதைக்குள்தான் போய் விழுகிறது, எனக்கென்று ஒரு பந்து விழுகிற இடம் இந்தப் பதினெட்டுக் குழியில் எங்கேயும் இல்லை. நல்லா அடித்தால் 'நான் அடிச்சேன்', கெட்டுப் போனால் 'நாம கொஞ்சம் தப்புப் பண்ணிட்டோம்'. அந்த 'நாம'வில் மட்டும் என்னைச் சேர்த்துக்கொள்வார். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் யாருக்கு யார் பை என்று முடிவு பண்ணினார்கள். இவருக்கு வந்த சீட்டு வேறு. மாற்றி வாங்கிக்கொண்டார். "நம்ம கன்னியப்பன்தானே, எனக்கு அவனத் தெரியும்," என்றாராம். என்ன தெரியும்? எனக்குக் கல்யாணம் ஆனது தெரியுமா? இடது காதில் சீழ் வைத்து ஒரு வருஷம் கிடந்தது தெரியுமா? இதே தண்ணீரில் முங்கி முங்கி இவர்கள் தொலைத்த பந்தையெல்லாம் பொறுக்கியதில் வந்த சீழ். இப்போதுகூடத் தண்ணீரைப் பார்த்தால் அந்தக் காதுக்குள் ஏதோ நகர்கிற மாதிரி இருக்கிறது. உள்ளே குளிரும். சேறு முழங்கால் வரைக்கும் இழுக்கும். காலால் துழாவினால் பந்துகள், நூற்றுக்கணக்கில், இருட்டில் முட்டை மாதிரி வழுவழுவென்று. அத்தனையும் தாண்டும் என்று நினைத்து அடித்தவை. என் பந்தும் அங்கே போய் உட்காருமா. அதை எவன் முங்கி எடுப்பான்.

"என்ன யோசிக்கிற? பின்னாடி ஆளு நிக்கிறாங்க பாரு," என்றார். "சரிங்க சார்," என்றேன். ஏன் சரிங்க சார்? யார் கேட்டது இந்தச் சரிங்க சாரை? இன்றைக்கு இவர்தான் எனக்குச் சரிங்க சார் சொல்ல வேண்டும். காலையில் முதல் குழியில் "சார், எந்த ஸ்டிக்?" என்று இவர் கேலியாகக் கேட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவது குழிக்குள் அந்தக் கேலி தீர்ந்துவிட்டது, "வெயில் என்னடா இப்படிக் காயுது" என்று ஆரம்பித்துவிட்டார். அஞ்சாவதில் பையை என்னிடம் கொடுத்துவிட்டு போன் பேசப் போய்விட்டார், ஏழாவது வரைக்கும் நானே தூக்கினேன், ஆடிக்கொண்டே தூக்கினேன், ஆட்டக்காரனும் நானே கேடியும் நானே, தோளில் வார் பதிகிற இடத்தில் பதினோரு வருஷத்துக் காய்ப்பு இருக்கிறதே, அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. மணல் குழியில் ஒரு தரம் பந்தைப் போட்டேன், கால் தடத்தை அழிக்க வேண்டியது கேடி வேலை, இவர் மணலுக்கு வெளியில் நின்றுகொண்டு செருப்பில் ஒட்டிய புல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானே அழித்தேன். என் தடத்தை நானே அழித்தேன்.

கட்டையை உருவினேன். பைக்குள்ளிருந்து உருவுகிறபோது கிர்ரென்று ஒரு சத்தம். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. ரிச்சர்டு தட்டைக் கீழே வைக்கிறான். பார், பிரேக்கு கட்டையை எடுத்துட்டான். "டேய் டேய், வேணாம்," என்கிறார் தயானந்தன் சார். குரலில் பயம், நிஜமான பயம், தான் பை தூக்கின ஆட்டக்காரன் தண்ணீரில் போட்டால் மேஜையில் என்ன சொல்வது என்கிற பயம். நல்லா இருக்கிறது அந்தப் பயம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். கட்டையைப் பிடித்தேன். பந்துக்குப் பின்னால் நின்றேன். பிடி இறுகுகிறது. லேசாகத்தான், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும், நான் பதினோரு வருஷம் கைகளைப் பார்த்தவன். நாற்பது மெம்பர்களின் கைகளை. கட்டை விரல் வெளுக்கிற அளவுக்கு ஒருவன் பிடித்தால் பந்து வலது பக்கம் ஓடும். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தால் மண்ணைத் தோண்டும். வக்கீல் ஒருவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமையில் அவர் முதல் அடி எந்த மரத்தில் படும் என்று என்னால் முன்னாலேயே சொல்ல முடியும். எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், கோவத்துல அடிக்காதீங்க சார், ஒரு வாய் தண்ணி குடிங்க சார், ஸ்டிக்க உள்ள வைங்க சார். ஒருத்தர் கேட்டதில்லை. கேட்காமல் அடித்துவிட்டு, ஏன்டா முன்னாடியே சொல்லல என்பார்கள். என் கட்டை விரலைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருக்கிறது.

சரி. உள்ளே வை. வைத்தேன். "அப்பாடா," என்றார் அவர். அந்தப் பக்கத்திலிருந்து "போச்சுடா! போட்டுட்டான்டா பிரேக்க!" ரிச்சர்டோடு பத்துப் பதினைந்து குரல். காது கொதிக்கிறது. இருக்கட்டும். நான் இந்த ஆளுக்காக வைக்கவில்லை. இந்த ஆள் சொன்னதற்காக வைக்கவில்லை. சத்தம் போட்டுச் சொல்லலாமா, இவர் சொன்னதுக்காக இல்லை என்று? மெதுவாகத்தான் வரும், யாருக்குக் கேட்கும். தயானந்தன் சார் உற்சாகமாகிவிட்டார், பையில் கையை விட்டு ஏழாம் நம்பரை உருவி என் கையில் கொடுத்தார். "இந்தா. செவன் போதும். சும்மா ஒரு தட்டு. அன்னிக்கி எனக்கு நீ இதானே குடுத்த?" ஞாபகம் இருக்கிறது! அன்றைக்கு நான் சரியாகத்தான் கொடுத்தேன் என்பது இவருக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்று மாசம் கேன் தூக்கியபோது இந்த ஞாபகம் எங்கே போயிருந்தது? ஏழாம் நம்பரை வாங்கிக்கொண்டேன். ஏழாம் நம்பர் நூற்று முப்பது. தண்ணீர் நூற்று நாற்பத்தைந்து. பதினைந்து யார்டு பத்திரம். யோசிக்க ஒன்றுமில்லை. பந்துக்குப் பின்னால் நின்றேன். முழங்காலைத் தளர்த்தினேன். ஸ்டிக்கின் தலையைப் புல்லில் வைத்தேன். காற்றில்லை. தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. ஏழாம் நம்பர் நூற்று முப்பது. ஸ்டிக்கைப் பின்னால் எடுக்க ஆரம்பித்தேன், தோள் திரும்ப ஆரம்பித்தது, ஏழாம் நம்பர் நூற்று முப்பது, ஏழாவது குழியும் நூற்று முப்பது.

நிறுத்தினேன். ஏழாவது குழி. அதுவும் நூற்று முப்பதுதான், அங்கே இருக்கிற குழாய் மூடியிலிருந்து கொடிக்கு நூற்று முப்பது, நான் ஏழாம் நம்பரால்தான் அடித்தேன். கொடியை இருபது யார்டு தாண்டிப் போய்ப் பின்னால் இருக்கிற செம்பருத்திப் புதரில் விழுந்தது. காற்று என்று நினைத்தேன். இன்றைக்குக் காற்றே இல்லை, காலையிலிருந்து கொடி ஒரு தரம்கூட அசையவில்லை, எந்தக் காற்று? பன்னிரண்டாவது. நூற்று ஐம்பது. அஞ்சாம் நம்பர். அதுவும் தாண்டியது, இருபது யார்டு தாண்டி மணலில். அப்போது என்னையே திட்டிக்கொண்டேன், கோவத்துல ஓங்கிட்டேடா நாயே என்று. ஓங்கவில்லை. மெதுவாகத்தான் அடித்தேன். பதினைந்தாவது. திரும்பவும் நூற்று முப்பது. ஏழாம் நம்பர் கேட்டேன், இவர் போன் பேசிக்கொண்டே எதையோ எடுத்துக் கொடுத்தார், நான் கொடியைப் பார்த்துக்கொண்டே வாங்கி அடித்துவிட்டேன், பந்து கொடிக்கு மூன்றடியில் போய் உட்கார்ந்தது. அடித்தபிறகு பார்த்தால் கையில் ஒன்பதாம் நம்பர். நம்பர் கூடக் கூட தூரம் குறையும், ஒன்பது அவ்வளவு தூரம் போகவே போகாது. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். "பாத்தியா, என் கை ராசி," என்றார் இவர். எனக்கும் அது கை ராசி என்றுதான் பட்டது. ஐயோ. ஏழாம் நம்பர் நூற்று முப்பது என்று யார் சொன்னது? யாருடைய நூற்று முப்பது? தயானந்தன் சாருடைய நூற்று முப்பது. அஞ்சாம் நம்பர் நூற்று ஐம்பது, தயானந்தன் சாருடையது. டாக்டருக்கு ஏழு என்றால் நூற்றுப் பதினைந்து, வக்கீலுக்கு நூற்று நாற்பது, செக்ரட்டரிக்கு நல்ல நாளில் நூறு, நாற்பது பேருக்கும் பதினாலு ஸ்டிக்குக்கும் என் தலையில் எண் இருக்கிறது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கன்னியப்பனுக்கு எவ்வளவு? எனக்கு எவ்வளவு? பதினோரு வருஷம் வலையில் அடித்தவனுக்கு எப்படித் தெரியும். பொத் என்று ஆறடியில் விழுந்த பந்து எங்கே போயிருக்கும் என்று வலை சொல்லுமா. என்னுடைய தூரம் எனக்குத் தெரியாது. அதனால் காலையிலிருந்து இந்த ஆளுடைய தூரத்தை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறேன். அறுபத்திரண்டு வயசு, தொப்பை, இடது முழங்காலில் ஆபரேஷன், அந்த உடம்பின் எண்ணை எடுத்து என் உடம்பில் மாட்டிக்கொண்டு பதினேழு குழி ஆடியிருக்கிறேன். அவர் என் சட்டையைப் போட்டுக்கொண்டார் என்று எரிந்தேனே, நான் எதைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஏழில் இருபது தாண்டியது. ஆக என் ஏழு நூற்று ஐம்பது. தண்ணீர் நூற்று நாற்பத்தைந்து. பத்திரம் என்று கையில் பிடித்திருக்கிற இந்த ஸ்டிக், சும்மா ஒரு தட்டு என்றாரே, அது நேராகத் தண்ணீருக்குள் கொண்டுபோய்ப் போட்டிருக்கும். அப்போது எல்லோரும் என்ன சொல்வார்கள்? பிரேக்குப் போட்டும் முட்டிக்கிட்டான்டா.

 ஏழாம் நம்பரைப் பிடித்திருக்கிற கையைப் பார்த்தேன். கட்டை விரல் சிவப்பாக இருக்கிறது. அப்படியென்றால் கட்டையும் தாண்டும். என் கைக்குக் கட்டை இருநூற்றைத் தாண்டிப் போகும். போகுமா? போகலாம். இன்றைக்கு அதை ஒரு தரம்கூட அடிக்கவில்லை, அதன் எண் எனக்குத் தெரியாது, 'போகலாம்' என்பது எண்ணில்லை. அடிக்க நினைக்கிறவன் ஒருத்தன் உள்ளே இன்னும் முறுக்கிக்கொண்டு நிற்கிறான், மெம்பர் மாதிரி, போலாமா கன்னியப்பா, போலாமா என்கிறான். கேடி மாதிரியே அவனுக்குச் சொல்கிறேன், தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு. ஒன்பது, நூத்தி முப்பது, பதினஞ்சாவது குழியில கண்ணால பாத்தோம். முன்னாடி போட்டுக்கலாம். அவன் முறைக்கிறான். நான் காத்திருக்கிறேன், எப்போதும் காத்திருக்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு. கேட்டால் கேள், கேட்காவிட்டால் போ.

"சார், ஒன்பதாம் நம்பர் குடுங்க," என்றேன். "நைனா?" என்றார். "நைன் எங்க போவும்? மூணாவது அடி ரொம்ப தூரம் வந்துடும்டா. செவனே அடி." "ஒன்பது, சார்." குரல் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பையில் கையை விட்டார், தேடினார், இரண்டு மூன்றை இழுத்துப் பார்த்து எடுத்தார், எடுத்ததைக் கொடுத்தார். ஏழாம் நம்பரை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார், எங்கே நிற்பது என்று தெரியாமல், என் நிழல் விழுகிற இடத்தில். "சார், கொஞ்சம் தள்ளி." தள்ளினார். அந்தப் பக்கம் யாரோ ஏதோ கத்துகிறார்கள். கத்தட்டும். மூச்சை விட்டேன். தலையைத் தூக்காதே. பந்து எங்கே போகிறது என்று பார்க்க ஆசைப்படாதே. பதினோரு வருஷம் பார்த்தது போதும்.

அடித்தேன். வலை இல்லை. பொத் என்ற சத்தமில்லை. தலையைக் கீழேயே வைத்திருந்தேன், பெயர்ந்த புல்துண்டு காற்றில் சுழன்று விழுகிறவரைக்கும் அதையே பார்த்தேன், அப்புறம்தான் நிமிர்ந்தேன். மேலே இருந்தது. எனக்கே என் பந்து அவ்வளவு உயரம் போகும் என்று தெரியாது. இறங்கியது, ஒரு தரம் துள்ளியது, நின்றது. தண்ணீருக்கு இந்தப் பக்கம், கரையிலிருந்து பதினைந்து யார்டு. நூற்று முப்பது. என்னுடைய நூற்று முப்பது. கொடிக்கு இங்கிருந்து இருநூற்றுப் பதினெட்டு, அங்கிருந்து எண்பத்தெட்டு, வெட்ஜ் என்கிற குட்டை ஸ்டிக்கை எடுத்து முக்கால் வீச்சு வீசினால் போதும். நாலோ அஞ்சோ, அது இனிமேல். தயானந்தன் சார் பந்து நின்ற இடத்தைப் பார்த்தார். கையில் இருந்த ஏழாம் நம்பரைப் பார்த்தார். மறுபடியும் பந்தைப் பார்த்தார், அதற்கு அப்பால் பதினைந்து யார்டில் மினுங்குகிற தண்ணீரைப் பார்த்தார். அவருக்கும் கணக்குத் தெரியும். வாயைத் திறந்தார், 'நல்ல ஷாட்' என்று வருமோ என்று பார்த்தேன், பந்து விழுந்து இவ்வளவு நேரம் ஆயிற்று. அந்தப் பக்கத்துக் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "நான் சொன்னேன்ல! லே அப்புன்னு நான் சொன்னேன்!" என்று கத்தினார். கத்தட்டும், அந்த மேஜைக்கு அது போதும். பதினோரு வருஷத்தில், நாற்பது பேரில், நான் சொன்னதைக் கேட்டு அடித்தவன் ஒருத்தன்தான், அவன் இன்றைக்குத்தான் வந்தான். புல்துண்டைப் பொறுக்கி வந்து பெயர்ந்த இடத்தில் வைத்துக் காலால் அழுத்தினேன். அதுவும் கேடி வேலைதான், ஆனால் அது என் புல், நான் பெயர்த்தது. ஒன்பதாம் நம்பரை நீட்டினேன். அவர் வாங்கினார்.

"தலையைத் துடைச்சு உள்ள வைங்க சார்," என்றேன். "மண்ணு ஒட்டியிருக்கு." அவர் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. வாய் சிரிக்கப் பார்த்தது, விடவில்லை. முப்பத்துநாலாம் நம்பர் சட்டையின் ஓரத்தை இழுத்துத் துடைத்தார்.

"பையைத் தூக்குங்க. போலாம்."